கல்லைத் தேடிப் போனவர் கலையைக் கண்டார்: ஆனந்த குமாரசுவாமி (1877–1947)



ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சி மையத்தில் நடராஜர் நிற்கும் படம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும். அணுவுக்குள் இருக்கும் துகள்களை மோதவிட்டு ஆராய்கிற இடம் அது. இந்திய அரசு 2004-இல் அன்பளிப்பாகக் கொடுத்த அந்தச் சிலை இரண்டு மீட்டர் உயரம். படத்தைப் பார்த்ததும் நமக்குப் பெருமையாக இருக்கும். உடனே பத்து பேருக்கு அனுப்பி வைப்போம். சிலையோடு ஒரு பலகையும் இருக்கிறது. அதில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. அதை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

அந்தப் பெயர்தான் ஆனந்த குமாரசுவாமி. நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பியர்கள் பலர் நம் தெய்வத் திருமேனிகளைப் பார்த்து, நாலு கை எட்டு கை இருப்பதெல்லாம் கலையா என்று முகம் சுளித்தார்கள். அந்தப் பார்வையை மாற்ற உழைத்தவர்களில் முன்வரிசையில் இருப்பவர் இவர். இத்தனைக்கும் இவர் கல்லூரியில் கலை படித்தவர் இல்லை. நம்மில் பலரைப் போல அறிவியல் படித்தவர். நான் பொறியியல் மாணவன். அதனாலேயே இவர் வாழ்க்கை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

அப்பாவைத் தெரியாத பிள்ளை

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22-ஆம் தேதி கொழும்பில் பிறந்தார். அப்பா சர் முத்து குமாரசுவாமி, இலங்கையில் புகழ்பெற்ற தமிழ் வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அம்மா எலிசபெத் பீபி, இங்கிலாந்துக்காரர். இலங்கை அரசியலில் பெரிய பெயர்களான பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் ஆனந்தாவுக்கு அத்தை மகன்கள்.

1879-இல் அம்மா கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குப் போனார். பின்னாலேயே அப்பா வருவதாக ஏற்பாடு. அவர் வரவே இல்லை. அந்த வருஷம் மே மாதம் கொழும்பிலேயே காலமாகிவிட்டார். பிள்ளைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. இங்கிலாந்திலேயே வளர்ந்து, விக்ளிஃப் என்ற பள்ளியில் படித்து, இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நிலவியலும் தாவரவியலும் எடுத்து 1900-இல் பட்டம் வாங்கினார்.

ஆங்கிலேய வளர்ப்பு, ஆங்கிலப் படிப்பு, வீட்டில் தமிழ் இல்லை. இப்படி ஒரு பையன் பின்னாளில் சைவ சித்தாந்தத்தைப் பற்றி எழுதுவார் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மலைநாட்டில் பார்த்தது

1903-இல் இலங்கை அரசாங்கத்தின் கனிம ஆய்வுக்கு இயக்குநராக வந்தார். வயது 25 தான். தீவு முழுக்கச் சுற்றிப் பாறைகளையும் மண்ணையும் ஆராய்வது வேலை. அதில் சும்மா ஒப்புக்கு வேலை பார்த்தவர் இல்லை. தோரியம் நிறைந்த, கதிரியக்கம் உள்ள தோரியனைட் என்ற புதிய கனிமம் 1904-இல் உலகுக்குத் தெரிய வந்தது இவர் ஆய்வு வழியாகத்தான். இலண்டன் பல்கலைக்கழகம் இவருக்கு அறிவியலில் முனைவர் பட்டம் கொடுத்தது.

ஆனால் கல்லைத் தேடிப் போன இடத்தில் கண்ணில் பட்டது வேறு. கண்டி மலைநாட்டுக் கிராமங்களில் தந்தம் செதுக்குபவர், பித்தளை வார்ப்பவர், நெசவாளர், கோயில் சுவரில் ஓவியம் தீட்டுபவர் எல்லாம் இருந்தார்கள். கை வேலை அற்புதம். வாங்கத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் தொழிலை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது? இவர் அறிவியல்காரர் இல்லையா, காரணத்தைத் தேடினார். கண்டி அரசர் காலத்தில் கைவினைஞர்களுக்கு நிலம் கொடுத்திருந்தார்கள். அந்த நிலத்துக்குப் பதிலாக அவர்கள் அரண்மனைக்கும் கோயிலுக்கும் வேலை செய்து கொடுப்பார்கள். 1815-இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆதரிக்க அரசர் இல்லை. 1830-களில் அந்த ராஜகாரிய முறையும் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு போனது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து கலைஞனைத் தாங்கிய ஏற்பாடும் போனது, அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. பிறகு மலிவான இறக்குமதிச் சாமான்கள் வந்து குவிந்தன. பணமும் படிப்பும் உள்ள உள்ளூர்க்காரர்கள் ஐரோப்பியப் பொருள்தான் கௌரவம் என்று நினைத்தார்கள்.

ஆக, கலை தானாகச் சாகவில்லை. ஆட்சி மாறியது, நிலம் மாறியது, சந்தை மாறியது, மனசு மாறியது. அதன் பிறகுதான் கை நின்றது. குமாரசுவாமி தன் வாழ்நாள் முழுக்க வேறு வேறு வடிவத்தில் சொன்னது இதைத்தான்.

இலங்கையில் சமூகச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, உடை, மொழி, கல்வி எல்லாவற்றிலும் கண்மூடித்தனமாக மேல்நாட்டைப் பின்பற்றுவதை எதிர்த்துப் பேசினார். பிறகு இங்கிலாந்து திரும்பி, மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலை 1908-இல் வெளியிட்டார். அவருடைய மனைவி எதெல் எடுத்த புகைப்படங்கள் அதில் இருக்கின்றன. கைத்தொழிலுக்காகவே வாழ்ந்த வில்லியம் மாரிஸ் முன்பு பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்தில் அந்தப் புத்தகத்தை அச்சிட்டார்கள். மொத்தம் 425 பிரதிதான். அச்சு வேலைக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. கையால் செய்வதைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கையாலேயே செய்தார் மனுஷன்!

வங்காளத்தில் எரிந்த நெருப்பு

அந்தச் சமயத்தில் ஆசியாவின் பல மூலைகளிலும் இதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. நாம் யாரைப் போல வரைய வேண்டும்? ஜப்பானில் மேல்நாட்டு ஓவியம் வேகமாகப் பரவியபோது, ஒகாகுரா என்ற அறிஞர் சொந்த மரபைக் காக்கப் போராடினார். அவர் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தாரோடு பழகினார். அடுத்த வருஷம் தாய்க்கான், ஷுன்ஸோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் வந்தார்கள். அவர்கள் வண்ணத்தைக் கரைத்து மென்மையாகப் பூசும் விதத்தை அவனீந்திரநாத் தாகூர் பார்த்துத் தன் ஓவியத்துக்கு எடுத்துக்கொண்டார்.

இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய கலைப் பள்ளிகளில் கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகளைப் பார்த்து வரைவதுதான் பாடம். கல்கத்தா பள்ளியின் முதல்வராக இருந்த ஹாவெல் என்ற ஆங்கிலேயர் அதை மாற்றி, ஐரோப்பியப் படங்களை அகற்றி இந்திய ஓவியங்களை வைத்தார். யார் எதிர்த்தது தெரியுமா? அங்கே படித்த இந்திய மாணவர்கள்! மேல்நாட்டுக் கலையை நமக்குக் கிடைக்காமல் செய்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள். அடிமைத்தனம் கண்ணுக்குள்ளேயே குடியேறிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

1905-இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். மக்கள் கொதித்தார்கள். மான்செஸ்டர் துணியைப் புறக்கணித்தார்கள். சுதேசி இயக்கம் பரவியது. அந்த வருஷம்தான் அவனீந்திரநாத் பாரத மாதாவை வரைந்தார். காவி உடை, நான்கு கை. கைகளில் ஆயுதம் கிடையாது. ஏடு, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜெபமாலை. கல்வி, உணவு, உடை, ஆன்மிகம் நான்கும் தாய் தருவது என்று பொருள். அரசியல் ஒரு புதுத் தெய்வ வடிவத்தையே உண்டாக்கியது.

குமாரசுவாமி இந்தக் கூட்டத்தோடு நெருங்கிப் பழகினார். ஆனால் சுதேசிக்காரர்களிடமும் ஒரு கசப்பான விஷயத்தைச் சொன்னார். இங்கிலாந்துச் சரக்கை நிறுத்திவிட்டு, அதே மாதிரியான மட்டமான சரக்கை உள்ளூரில் செய்து சுதேசி முத்திரை குத்துவதால் என்ன லாபம்? ரசனை அடிமையாகவே இருந்தால் நாடு மட்டும் விடுதலை ஆகி என்ன பயன்? கலையும் சுதேசியும் என்ற தன் நூலில் இதைத்தான் வாதாடினார். சகோதரி நிவேதிதா தொடங்கி முடிக்காமல் விட்டுப் போன இந்து, பௌத்தப் புராணக் கதை நூலை முடித்து 1913-இல் வெளியிட்டதும் இவர்தான். அதில் உள்ள படங்களை வரைந்தவர்கள் அவனீந்திரநாத்தும் அவருடைய மாணவர் நந்தலால் போஸ் முதலானவர்களும்.

புத்தரை மாவுப் பண்டம் என்றார்கள்

1910 ஜனவரியில் இலண்டனில் ஒரு கூட்டம். ஹாவெல் இந்தியக் கலை பற்றிப் பேசினார். தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியாவில் பல காலம் இருந்தவர், இந்தியக் கைத்தொழில்களைப் புகழ்ந்து எழுதியவர். அவரே தியானத்தில் இருக்கும் புத்தர் சிலை ஒன்றைக் காட்டி, கொழுப்புச் சேர்த்து அவித்த ஆங்கிலேய மாவுப் பண்டத்தோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டார். அவர் கணக்கில் இந்தியர்களுக்குத் துணி நெய்யத் தெரியும், பாத்திரம் செய்யத் தெரியும். உயர்ந்த கலை மட்டும் கிடையாது.

இதில் மனம் கொதித்தவர்கள் சேர்ந்து இந்தியா சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஹாவெல், ஓவியர் ரோதன்ஸ்டைன், நம் குமாரசுவாமி எல்லாரும் அதில் முக்கியமானவர்கள். கோபத்தைக் கத்தித் தீர்க்காமல் அமைப்பாக மாற்றினார்கள், புத்தகமாக மாற்றினார்கள். இளைஞர் இயக்கத்தில் இருக்கும் நமக்கு இது நல்ல பாடம்.

சிறு பத்திரிகையில் வந்த பெரிய கட்டுரை

1912-இல் சென்னையில் வெளிவந்துகொண்டிருந்த சித்தாந்த தீபிகை என்ற சைவப் பத்திரிகையில் சிவபெருமானின் நடனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். சமய வகுப்புக்குப் போனவர்களுக்கு ஐந்தொழில் தெரிந்திருக்கும். உடுக்கை ஏந்திய கை படைத்தல். அபய கை காத்தல். நெருப்பு ஏந்திய கை அழித்தல். ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல். உண்மை விளக்கம், திருமந்திரம் போன்ற தமிழ் நூல்களை ஆதாரமாக வைத்து, ஒரு வெண்கலச் சிலைக்குள் முழுத் தத்துவமும் எப்படி அடங்கியிருக்கிறது என்று விளக்கினார்.

நாலு கை ஏன் என்று கேலி செய்தவர்களுக்கு அதுவே பதில். ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. எஞ்சினியரிங் பாஷையில் சொன்னால், அந்த வடிவத்தில் தேவையில்லாத பாகம் ஒன்றுகூட இல்லை!

அந்தக் கட்டுரை 1918-இல் நியூயார்க்கில் வெளியான சிவ நடனம் என்ற நூலில் சேர்ந்து உலகம் சுற்றியது. பிரான்ஸ் நாட்டின் மாபெரும் சிற்பி ரோடான், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் கால நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து வியந்து எழுதியிருந்தார். அது 1921-இல் பாரிசில் வெளியானபோது அதே நூலில் குமாரசுவாமியின் எழுத்தும் இருந்தது. 1970-களில் இயற்பியலாளர் காப்ரா துகள்களின் அசைவை நடராஜர் நடனத்தோடு சேர்த்து எழுதினார். 2004-இல் செர்ன் வாசலுக்கு நடராஜர் வந்தார். இந்த நீண்ட பாதையின் தொடக்கத்தில் இருப்பது ஒரு சின்ன சைவப் பத்திரிகை. நம் இதழ்களுக்கு எழுதச் சோம்பல்படும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கணும்.

போஸ்டன் வாழ்க்கை

வட இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றி ராஜபுத்திர, பஹாரி ஓவியங்களை வாங்கிச் சேர்த்தார். அப்போது பலர் அவற்றை முகலாய ஓவியத்தின் கிளை என்று நினைத்தார்கள். இல்லை, கிருஷ்ண பக்தியிலும் நாட்டுப் பாடல்களிலும் பிறந்த தனி மரபு இது என்று காட்டி 1916-இல் இரண்டு தொகுதியாக நூல் வெளியிட்டார். காசியில் தேசிய அருங்காட்சியகம் கட்டினால் தன் சேகரிப்பைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். யாரும் முன்வரவில்லை.

அப்போது முதல் உலகப் போர். தன்னாட்சி மறுக்கப்பட்ட இந்தியன் ஏன் பிரிட்டனுக்காகச் சண்டை போட வேண்டும் என்பது அவர் நிலை. படையில் சேர மறுத்தார். பிரிட்டனில் இருக்க முடியாத நிலை வந்து, 1917-இல் அமெரிக்காவுக்குப் போனார். போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பையும் வாங்கிக்கொண்டது, அவரையும் இந்தியப் பிரிவுக்குப் பொறுப்பாளராக வைத்துக்கொண்டது. முன்பு ஒகாகுரா வேலை பார்த்ததும் அதே அருங்காட்சியகத்தில்தான்.

அந்த வருஷமே துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யா என்ற ஆந்திரத் தேசபக்தரோடு சேர்ந்து அபிநய தர்ப்பணத்தை மொழிபெயர்த்தார். சதிர் ஆட்டத்தைப் படித்தவர்கள் இழிவாகப் பேசிய காலம் அது. அதன் முத்திரைகளுக்குப் பின்னால் ஒரு சாஸ்திரம் இருக்கிறது என்று அந்த நூல் உலகத்துக்குச் சொன்னது.

1927-இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு வந்தது. சாஞ்சி, மாமல்லபுரத்தோடு இலங்கை, பர்மா, சயாம், கம்போடியா, ஜாவா எல்லாம் ஒரே நூலில். போரோபுதூர் செய்தவர்கள் யாரையும் அப்படியே பார்த்து எழுதியவர்கள் இல்லை, வந்த மரபைத் தங்கள் கையால் புதிதாக வடித்தவர்கள் என்பது அதைப் படிக்கும்போது புரியும். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். அங்கே உள்ள சண்டிகளைப் பார்க்கும்போது நமக்கும் அந்தப் பார்வை வேணும். இது எங்களுடையது என்று மார்தட்டுவதற்குப் பதிலாக, இந்த மண்ணின் கை இதை எப்படிச் செய்தது என்று கேட்கிற பார்வை.

1947 ஆகஸ்ட் 15-இல் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து அவருக்கு 70 வயது. ஓய்வு பெற்று இந்தியா திரும்புவதாக நண்பர்களிடம் அறிவித்தார். செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவிலேயே காலமானார். விடுதலையைக் கேட்டார், அந்த மண்ணை மிதிக்கவில்லை.

எங்கே உடன்பட முடியவில்லை

பெரியவர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. இரண்டு இடங்களில் எனக்கு அவரோடு சண்டை உண்டு.

ஒன்று, ரவி வர்மா. அவருடைய ஓவியங்களை நாடக மேடை மாதிரி இருக்கிறது என்ற ரீதியில் குமாரசுவாமி கடுமையாக விமர்சித்தார். கலைக் கண்ணோட்டத்தில் அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் 1890-களில் ரவி வர்மா தொடங்கிய அச்சகமும் அதற்குப் பின் வந்த அச்சுப் படங்களும் என்ன செய்தன? கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட மக்களின் வீட்டுக்குள் லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டு போய்ச் சேர்த்தன. நம் தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்தபோது சுவரில் ஆணி அடித்து மாட்டிய படம்தான் அவர்களுக்குச் சன்னிதி. அதை மட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு, குலத்தொழில். தகப்பன் தொழிலைப் பிள்ளை செய்வதால்தான் கலை செழித்தது என்று சொல்லி, சாதி அமைப்பையே அவர் ஆதரித்து எழுதினார். தந்தச் சிற்பியின் கையைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். பால்மரம் வெட்டியவரின் பேரன் பால்மரம்தான் வெட்ட வேண்டும் என்றால் நாம் யாரும் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்க மாட்டோம். பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டில் எத்தனை பேர் கை கட்டப்பட்டது என்ற கணக்கை அவர் போடவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அப்படியென்றால் என்ன மிச்சம்? கைவேலையின் மேல் அவர் வைத்திருந்த மரியாதை. அதைப் பிறப்பிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

இது நடக்கக்கூடியதுதான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, ஓவியர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். நம் பினாங்கிலேயே, சுதந்திரத்தை நோக்கி மலாயா நடந்த 1950-களில், சீனாவிலிருந்து வந்த சுவா தியன் தெங் பாத்திக் துணியின் மெழுகு வேலையை எடுத்து ஓவியமாக்கினார். அது அவருடைய குலத்தொழில் இல்லை. விரும்பிக் கற்றுக்கொண்டார். இன்று மலேசிய ஓவியம் என்றாலே அதைச் சொல்கிறார்கள்.

நம் பக்கம் பார்ப்போம். இங்கே ஒரு கோபுரம் எழுப்பவும், கும்பாபிஷேகத்துக்கு முன் ஒரு சுதைச் சிற்பத்தைச் சரிசெய்யவும் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைக்கிறோம். பெர்மிட் கிடைக்காவிட்டால் வேலை நிற்கிறது. இத்தனை கோயில், இத்தனை இளைஞர், ஆனால் அந்த வேலையை முறையாகக் கற்ற நம் பிள்ளைகள் எத்தனை பேர்? தந்தம் செதுக்கியவர் பிள்ளைகள் உளியைக் கீழே வைத்ததைக் கண்டியில் குமாரசுவாமி பார்த்தார். நாம் உளியைக் கையில் எடுக்கவே இல்லை.

அடுத்த முறை உங்கள் கோயிலில் திருப்பணி நடந்தால் ஒரு நாள் லீவு எடுத்து ஸ்தபதி பக்கத்தில் நில்லுங்க. தாளம் என்ற அளவு என்ன, முதலில் எந்தக் கோடு போடுகிறார் என்று கேளுங்க. கையில் போன் இருக்கிறதே, அவர் சம்மதித்தால் பதிவு செய்யுங்க. எந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி, ஆர்வம் உள்ள ஒருவரையாவது அவரிடம் விடுமுறைக்குக் கற்றுக்கொள்ள அனுப்ப முடியுமா என்று உங்கள் கிளைக் கூட்டத்தில் பேசுங்க. கிளையில் பணம் இருந்தால் அதற்கு ஒரு சிறு உதவித்தொகை ஒதுக்கலாம்.

செர்ன் நடராஜர் படம் மறுபடியும் உங்கள் போனுக்கு வரும். அனுப்புங்க, தப்பில்லை. பலகையில் உள்ள பெயரையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்க.